தங்கை கேட்ட பாதி

நோன்பு மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அஸர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்த கையோடு, மந்தைவெளியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் உட்காருவோம். நான் மூத்தவள். எனக்கு அடுத்தவன் தம்பி. கடைசி தங்கை. அந்த வருஷத்து ஜகாத்தை யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று பிரிப்பதற்காக உட்காருவது. நோன்பு திறக்கும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் தகப்பனார், அத்தா, காலமான பிறகு ஒரு வருஷம்கூட இதை நாங்கள் தவறவிட்டதில்லை.

இந்த வருஷம் தங்கை இல்லை. போன வருஷம் பள்ளிக்கூடங்கள் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் காலையில் டீக்குப் பால் வைத்தவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். மாரடைப்பு. ஐம்பத்து மூன்று வயது. அவள் சாவுக்கு நான்தான் காரணம் என்று சொன்னால் தம்பி கோபித்துக்கொள்கிறான். "அப்படிப் பேசாதக்கா, அல்லாஹ் எழுதினது" என்கிறான். அதனால் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன். எழுதுவதை அவன் தடுக்க முடியாது.

ஜகாத் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு வருஷம் முழுக்கக் கையில் தங்கிய சேமிப்பு, கடைச் சரக்கு, தங்கம், எல்லாவற்றிலும் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுப்பதில் பெருமை கிடையாது. அந்தப் பங்கு முதலிலிருந்தே அவர்களுடையது. எங்கள் அத்தா அவரவர் தனித்தனியாகக் கொடுப்பதை விரும்பவில்லை. மூன்று பேரும் ஒன்றாகப் போட்டு, ஒரு காரியம் ஆகிற மாதிரி கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்குகிறவரிடம் எதற்கு என்று துருவிக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். முதல் பாதியை நான் மறக்கவே இல்லை. இரண்டாவது பாதியைத்தான் வசதியாக மறந்துவிட்டேன்.

கணக்கு என் பொறுப்பு. முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் வேறு யார் நோட்டைப் பிடுங்க முடியும்? தம்பிக்கு தி.நகரில் சூட்கேஸ் கடை. நோன்பு மாதத்தில் அவனுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும், உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான். "சீக்கிரம் சொல்லுக்கா, கடைல ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க" என்று வாட்சைப் பார்ப்பான். அவன் சரக்குக் கணக்கைச் சொல்வான், எழுதிக்கொள்வேன். தங்கைக்குச் சேமிப்பு அதிகம் கிடையாது. கல்யாணத்துக்கு அத்தா போட்ட நகைதான். "நகை அதேதானடி?" என்று கேட்பேன். "அதேதான்க்கா" என்பாள். போன வருஷத்து எடையைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு, அன்றைய தங்க விலைக்குக் கணக்குப் போட்டுச் சொல்வேன். கைப்பையைத் திறந்து உறையை எடுத்து வைப்பாள். தங்கம் என்ன விலை ஏறினாலும் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

அடுத்தது சொந்தக்காரர்கள். கஷ்டப்படுகிற சொந்தத்துக்குக் கொடுத்த பிறகுதான் வெளியாருக்கு என்பது முறை. "நம்ம சொந்தத்துல யாராவது சிரமப்படறாங்களா?" என்று நோட்டைப் பார்த்தபடி கேட்பேன். தம்பி யோசிப்பதற்குள் தங்கை சொல்லிவிடுவாள். "யாரும் இல்லக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க." நான் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

சண்டை அதற்குப் பிறகுதான். நான் பள்ளிக்கூடப் பக்கம். அவள் மருந்துப் பக்கம். வருஷா வருஷம் நடக்கிற சண்டை, எங்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகியிருந்தது.

"மாத்திரை வாங்கிக் குடுத்தா அடுத்த மாசம் மறுபடி வேணும். ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினா அந்தக் குடும்பமே எழுந்து நின்னுடும்" என்பேன்.

"எழுந்து நிக்கறதுக்கு ஆள் இருக்கணுமேக்கா" என்பாள்.

தம்பி சிரிப்பான். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே முக்கால் பங்கைப் பள்ளிக்கூடங்களுக்கு எழுதுவேன். மீதிக் கால் பங்கில் விதவைகளுக்கு அரிசி, பெருநாள் துணி, யாருக்காவது டயாலிசிஸ் செலவு என்று போகும். அவள் தோற்றுப்போவதற்கென்றே வருகிறவள் போல, கடைசியில் "சரி, உன் இஷ்டம்" என்று எழுந்து கஞ்சியைச் சூடு பண்ணப் போவாள். எனக்கு ஜெயித்த திருப்தி.

மருத்துவ உதவி மீது எனக்குக் கோபம் வந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. நாலைந்து வருஷம் முன்னால் ஒருவர் மனைவிக்கு ஆபரேஷன் என்று பில்லோடு வந்தார். கொடுத்தோம். அந்த மனைவியை ரங்கநாதன் தெருவில் இரண்டு கையிலும் பையோடு தம்பி பார்த்தான். ஆபரேஷனே நடக்கவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று எனக்கு ஆங்காரம். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். மருந்துக்குக் கேட்டால் ஆளின் பெயர், டாக்டர் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிக் கடிதம், மூன்றும் வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் அப்படி வம்பே இல்லை பாருங்கள். பணம் நேராகப் போகும், பிள்ளை கண் முன்னால் படிக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருஷ ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேற்கு மாம்பலத்திலிருந்து அவள் வழக்கமாக ஆட்டோவில் வருவாள். அன்று பஸ்ஸில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். "சர்க்கரையை வெச்சுக்கிட்டு நோன்பு வைக்காதன்னு சொன்னா கேக்கறியா?" என்று ஒரு திட்டு. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை உண்டு. அத்தா விட்டுப்போன சொத்தில் சரிசமமாகப் பிரிந்தது அது ஒன்றுதான் என்று தம்பி சொல்வான்.

நகைக் கணக்கு முடிந்தது. உறையை வைத்தாள். சொந்தக்காரர் கேள்விக்கு, "யாரும் இல்லக்கா" என்றாள். நான் முக்கால் என்று எழுதப் போனேன். அவள் என் பேனா மீது கையை வைத்தாள்.

"இந்த வருஷம் பாதிக்குப் பாதி வெச்சுக்கலாமாக்கா?"

அவள் குரலில் விளையாட்டு இல்லை. அதை அப்போதே கவனித்தேன். கவனித்தும் என்ன?

"எதுக்குடி?"

"ஒரு பொம்பள. இதயத்துல அடைப்பாம். உள்ள ஸ்டென்ட் வைக்கணுமாம். வீட்டுக்காரருக்கு வருமானம் பத்தல."

"யாரு?"

"தெரிஞ்சவங்க. பேரு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பழைய ஏமாற்றம் ஞாபகம் வந்துவிட்டது. "பேரு சொல்ல மாட்டாங்களாம், பணம் மட்டும் வேணுமாம். நல்லா இருக்கே கதை! ரிப்போர்ட் கொண்டு வரச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன். உன் இளிச்சவாய் மூஞ்சியப் பாத்தா எல்லாரும் ஒரு கதையோட வந்துடறாங்க" என்றேன்.

தம்பி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் மடியில் இருந்த கைப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "சரிக்கா. ஸ்கூலுக்கே குடுத்துடு" என்றாள். அந்தப் பணம் கொட்டிவாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. தகப்பன் இல்லாத பிள்ளைகளின் அந்த வருஷத்து ஃபீஸ் முழுவதையும் கட்டினோம்.

அவள் மௌத்தான பிறகு அவள் வீட்டுக்காரர் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அவருக்கு முன்பு தி.நகரில் பட்டன், லேஸ், லைனிங் துணி விற்கிற கடை இருந்தது. கடையை வாடகைக்கு விட்டுவிட்டு ஓய்வாக இருக்கிறார் என்று தங்கை சொல்லியிருந்தாள். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டதைத் திமிர் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கும் அவர் மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரம்தான் வந்தது, பரிதாபம் வரவில்லை.

இந்த வருஷம் நானும் தம்பியும் மட்டும் உட்கார்ந்தோம். தம்பி அன்று வாட்சைப் பார்க்கவில்லை. நோட்டைத் திறக்கக் கை வரவில்லை எனக்கு. அப்போது அழைப்பு மணி அடித்தது. தங்கையின் மகள். துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. உள்ளே வந்து அம்மா உட்காருகிற நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்றபடி மேஜையில் ஓர் உறையை வைத்தாள்.

"அம்மா நகைக்கு உண்டானது, பெரியம்மா."

என்ன பிள்ளை பார், சொல்லாமலே செய்கிறதே என்று எனக்குப் பூரிப்பு. அந்தப் பூரிப்பிலும் டீச்சர் புத்தி போகவில்லை. "இனிமே நகை உன்னோடதும்மா. உங்க அத்தாவுக்கும் பங்கு உண்டு. புதுசா எடை போட்டு எழுதணும். நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு வா, நம்ம தெருமுனை ஆசாரி கிட்ட போட்டுப் பாத்துடலாம்" என்றேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னை. "எடுத்துட்டு வரேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று நினைக்கிறேன். அழுகை வந்துவிட்டது.

"நகை இல்ல பெரியம்மா. வீட்ல இருக்கறது எல்லாம் கவரிங்."

"எப்பலேர்ந்து?"

"நான் காலேஜ் சேர்ந்தப்பவே வித்துட்டாங்க. அத்தா கடையும் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. வாடகைக்கு விடல, கடன்ல போச்சு. அத்தா பாண்டி பஜார்ல ஒரு துணிக்கடைல நிக்கறாங்க."

காலேஜ். அந்தக் காலேஜைச் சொன்னதே நான். பக்கத்தில் இருக்கிற சாதாரணக் காலேஜில் சேர்க்கலாமா என்று தங்கை கேட்டபோது, "படிப்பு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாத, நல்ல இடத்துல சேரு" என்று ஒரு மணி நேரம் ஃபோனில் பாடம் நடத்தியவள் நான். அவள் கேட்டுக்கொண்டாள். வளையல், ஆரம், தோடு எல்லாம் போய்விட்டது. அதன் பிறகும் ஒவ்வொரு நோன்பிலும் என் மேஜையில் உட்கார்ந்து, இல்லாத நகைக்கு ஜகாத் கொடுத்திருக்கிறாள். ஜகாத் வாங்கக் கூடியவள். மார்க்கம் சொன்ன கணக்கில், நாங்கள் முதலில் கொடுத்திருக்க வேண்டிய ஆளே அவள்தான். அவளிடமிருந்து வாங்கி நான் ஊருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். விலை ஏற ஏற அவள் பங்கை ஏற்றி ஏற்றி எழுதியிருக்கிறேன்.

"இப்ப ஏம்மா இத எடுத்துட்டு வந்த?" என்று தம்பி கேட்டான்.

"போன பெருநாளுக்கு அப்புறம் அம்மா சொல்லி வெச்சாங்க, மாமா. எனக்கு ஏதாவது ஆனாலும் நகைக்கு உண்டானத நோன்புல கொண்டு போய்க் குடுத்துடு, அக்காக்குத் தெரிய வேணாம்னு."

தனக்கு ஏதாவது ஆகும் என்று தங்கைக்குத் தெரிந்திருந்தது. அது என் மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆனது. ஏறியதும், இன்னொன்றும் சேர்ந்தே ஏறியது. நான் கேட்கவில்லை. பிள்ளை தானாகவே கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிய காகிதம். தங்கையின் பெயர், வயது, மூன்று இடத்தில் அடைப்பு, உடனே செய்ய வேண்டும், ஆகும் செலவு. தேதியைப் பார்த்தேன். போன வருஷ நோன்புக்கு முந்தின மாதம்.

எனக்கு வந்தது கோபம். என் புத்தி அப்படி. துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். "ஏண்டி, அவதான் சொல்லல, நீயாவது எங்கிட்ட சொல்லக் கூடாதா? ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?" என்று அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "சொல்லத்தானே பெரியம்மா அன்னிக்கு வந்தாங்க. இந்த ரிப்போர்ட்ட பைலதான் வெச்சிருந்தாங்க" என்றாள்.

தம்பி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். யாரும் பேரீச்சம்பழத்தை எடுக்கவில்லை. பிறகு பிள்ளைதான் எங்கள் இரண்டு பேர் கையிலும் ஒவ்வொன்று வைத்தாள்.

ஏன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளையிடம் நானும் கேட்டேன். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் வீட்டுக்காரர் கெஞ்சியிருக்கிறார். வார்டில் தெரிந்தவர் யாராவது பார்த்தால் அக்கா காதுக்குப் போய்விடும், பெருநாள் முடியட்டும் என்றாளாம். பெருநாள் முடிந்ததும், ஸ்கூல் திறக்கட்டும் என்றாளாம். நான் யார் என்று அப்போது புரிந்தது. என் கூடப் பிறந்தவள், தான் ஏழை என்று எனக்குத் தெரிவதைவிடச் சாவது பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கு நான் இருந்திருக்கிறேன். வாங்குகிறவர்களைப் பற்றி இத்தனை வருஷம் அந்த மேஜையில் நான் பேசிய பேச்சு எல்லாவற்றையும் அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே தம்பி, எல்லாப் பணத்தையும் இதய நோயாளிகளுக்கே கொடுத்துவிடலாம் என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே கசந்தது. ஆனால் கொட்டிவாக்கத்துப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? போன வருஷம் ஃபீஸ் கட்டிவிட்டு இந்த வருஷம் நடுத்தெருவில் விடுவதா? அவர்கள் படித்ததும் நிஜம்தானே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பணம் வீணாகப் போயிருந்தால்கூட யாரையாவது திட்டியிருக்கலாம். கடைசியில் பாதிக்குப் பாதி என்று எழுதினேன். மருந்துப் பாதிக்கு யாரிடமும் பெயர் கேட்கவில்லை. இந்தத் தடவையும் ஏமாந்திருப்போம், ஏமாந்துவிட்டுப் போகிறோம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஃபீஸ் கட்டப் போகும்போது, தானும் வருகிறேன் என்றாள் தங்கை மகள். அந்தப் பிள்ளைகளை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். கூட்டிக்கொண்டு போனேன். போன வருஷம் இதே நாளில் தங்கையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஹால் இரண்டாவது மாடியில். பிள்ளைகள் பாட்டுப் பாடி நன்றி சொல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். கால் வலிக்குது, நீ போயிட்டு வாக்கா, என்று அவள் கீழேயே நின்றுவிட்டாள். உடம்பைக் குறைடி என்று சொல்லிவிட்டு நான் மேலே போனேன்.

கேட்டில் அதே காவலாளிதான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு.

"வாங்கம்மா. போன வர்சம் உங்க கூட ஒரு அம்மா வந்தாங்களே, எப்டிகீறாங்க?"

இறந்துவிட்டாள் என்று பிள்ளை சொன்னாள். அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடப் பாவமே. அன்னிக்கே அவங்களுக்கு மூச்சு வாங்கிக்கினே இருந்துச்சு. ரண்டு படி ஏறுவாங்க, உக்காந்துடுவாங்க. வேர்த்துக் கொட்டுது. நா தண்ணி குடுத்துட்டு, மேல போயி உங்கக்காவ இட்டாறேன்னு சொன்னேன். கையப் புடிச்சு நிறுத்திட்டாங்க. கூப்புடாதீங்கண்ணே, எங்கக்கா இப்பதான் சந்தோசமா இருக்கும்னாங்க."

மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா உட்கார்ந்தது எந்தப் படி என்று பிள்ளை அவரிடம் கேட்டாள். அவர் கீழிருந்து எண்ணி நாலாவது படியைக் காட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அதில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஃபீஸ் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் கீழேயே நின்றேன்.